ஏறும்போது ஜோர்! இறங்கும்போது எமன்!

வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு மேல் பெருங்களத்தூரில் நின்று பார்க்க வேண்டும். பஸ்சுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தை ஒதுக்கிக் கொண்டு கார்கள் சாரை சாரையாக தெற்கே பாயும். பின்சீட்டில் தலையணை, போர்வை. டிக்கியில் முறுக்கு, சிப்ஸ், தண்ணீர் கேன். உள்ளே 4, 5 வாலிபர்கள். இல்லாவிட்டால் அப்பா, அம்மா, 2 பிள்ளைகள், கூடவே ஒரு பாட்டி.

எங்கே பயணம்? மலைக்கு!

முன்பெல்லாம் மலைக்குப் போனால் ஊரைப் பார்க்கப் போவார்கள். படகு சவாரி, பூங்கா, ஒரு பாக்கெட் வர்க்கி, அவ்வளவுதான். இப்போது பலர் போவது ரோட்டைப் பார்க்க! எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று கேட்டுத்தான் ஊரையே முடிவு செய்கிறார்கள். திங்கட்கிழமை ஆபீசில் பேச்சும் அதுதான். "எழுபது வளைவையும் நானே ஓட்டினேன் மச்சி, ஒரு இடத்துல கூட வண்டியை மாத்திக் கொடுக்கல!"

ஆசையில் தப்பு இல்லை. அந்த ரோடுகள் அவ்வளவு அழகு. ஆனால் சனிக்கிழமை ஏறிய வண்டி ஞாயிற்றுக்கிழமை இறங்கித்தானே ஆகவேண்டும்? வினை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

70 வளைவு!

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இருந்து ஆரம்பிக்கலாம். அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து புறப்பட்டால் முதல் வளைவிலேயே '1/70' என்று போர்டு வரவேற்கும். அதாவது 70-ல் இது முதலாவது! அடுத்து 2/70. அடுத்து 3/70. குழந்தைகள் உற்சாகமாக எண்ண ஆரம்பிப்பார்கள். இருபதைத் தாண்டும்போது எண்ணுகிற சத்தம் நிற்கும். பாட்டி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கொள்வார். நாற்பதுக்கு மேல் யாராவது ஒருவர் "கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா" என்பார்.

மேலே போனால் ஆகாயகங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோவில். கடையேழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. மிளகும் பலாவும் விளைகிற மண். அதையெல்லாம் பார்க்காமல், 70-வது போர்டு அருகே போட்டோ எடுத்துவிட்டு அப்படியே திரும்பி இறங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது வளைவு மட்டும்தான்.

பொள்ளாச்சி பக்கம் போனால் வால்பாறை. ஆழியாறு அணையைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-வது வளைவில் 'லோம்ஸ் வியூ' என்ற காட்சிமுனை இருக்கிறது. இந்தப் பாதையை அமைத்த வெள்ளைக்காரர் லோம் என்பவரின் பெயரையே அதற்கு வைத்து விட்டார்கள். அங்கே நின்று கீழே பார்த்தால் ஆழியாறு அணை ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி கிடக்கும். வரையாடுகள் சர்வசாதாரணமாக ரோட்டோரத் தடுப்புச்சுவர் மேல் நின்று வருகிற போகிற வண்டிகளை வேடிக்கை பார்க்கும். யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்றே தெரியாது!

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு. 20 வளைவுகள். இதை 'சின்ன மலை' என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அந்த இளக்காரம் எவ்வளவு தப்பு என்பது பின்னால் வருகிறது.

கரும்புக்குக் காத்திருக்கும் யானை

சத்தியமங்கலத்தில் இருந்து மைசூர் போகிற வழியில் திம்பம். பண்ணாரி அம்மன் கோவிலைத் தாண்டி 27 வளைவுகள். இது டூரிஸ்ட் பாதை மட்டும் அல்ல. லாரிப் பாதை. நீளமான லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டால் தீர்ந்தது கதை. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, மணிக்கணக்கில் நிற்கும்.

மலைக்கு மேலே ஆசனூரை அடுத்த காரப்பள்ளம் சோதனைச்சாவடி பக்கம் யானைகள் கரும்பு லாரிக்காகக் காத்து நிற்கும் வினோதமும் நடக்கும். லாரி வந்ததும் தும்பிக்கையை நீட்டி 2 கட்டு உருவிக் கொண்டு வழிவிடும். டோல்கேட்டில் சீட்டு கொடுப்பார்கள். இங்கே அதுகூட கிடையாது.

இங்கே வனவிலங்குகள் அடிபட்டுச் சாவதால் ராத்திரிப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2022-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி அது அமலானது. அப்போது கனரக வண்டிகளுக்கு மாலை 6 மணி முதலும், இலகுரக வண்டிகளுக்கு இரவு 9 மணி முதலும் காலை 6 மணி வரை தடை விதித்தார்கள். 'விடிய விடிய ஓட்டலாம்' என்று கிளம்பிப் போய் பண்ணாரியில் கொசுக்கடியில் படுத்துத் தூங்கியவர்கள் ஏராளம்.

இவையெல்லாம் அழகான பாதைகள். ஆபத்தான பாதைகளும்தான். ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் பாதை ஒன்று இருக்கிறது.

கல்லட்டி!

ஊட்டியில் இருந்து மைசூர் ரோட்டில் போனால் தலைக்குந்தா என்ற இடம் வரும். அங்கே ரோடு இரண்டாகப் பிரியும். ஒன்று பைக்காரா, கூடலூர் வழியாக சுற்றிக்கொண்டு போகும். மற்றொன்று கல்லட்டி வழியாக மசினகுடிக்கு நேரே இறங்கும். கூடலூரைச் சுற்றினால் ஆகிற தூரத்தில் பாதிகூட இதில் இல்லை. சுமார் 30 கிலோ மீட்டர்தான். கேட்பவருக்கு நாக்கு ஊறத்தான் செய்யும்.

அந்த 30 கிலோ மீட்டருக்குள் 36 கொண்டை ஊசி வளைவுகள்! ஊட்டியின் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர். மசினகுடிக்கு வரும்போது அதில் சுமார் 1,200 மீட்டர் இறங்கி இருப்பீர்கள். சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டிடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக 20 தடவைக்கு மேல் அடுக்கி, அதன் உச்சியில் இருந்து காரில் இறங்குவதுதான் கல்லட்டி!

அழகுக்குக் குறைச்சல் இல்லை. ஊட்டிக் குளிர் வளைவுக்கு வளைவு விலகும். ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். தேயிலையும் கேரட் தோட்டமும் மறைந்து முள்காடு வரும். கீழே சீகூர் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். மான் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் யானை. இதைப் பார்க்கிற மயக்கத்தில்தான் வலது கால் பிரேக்கில் இருப்பதே டிரைவருக்கு மறந்து போகும்.

2 நாள் திகில்

2018-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நடந்த சம்பவத்தை சென்னைவாசிகள் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

சென்னையில் இருந்து 7 பேர் ஊட்டிக்குச் சுற்றுலா போனார்கள். அங்கே தங்கினார்கள். காரில் மசினகுடி நோக்கிக் கிளம்பினார்கள். போனவர்கள் திரும்பவில்லை. போனிலும் தகவல் இல்லை. போலீசார் தேட ஆரம்பித்தார்கள்.

கார் கிடைத்தது. எங்கே தெரியுமா? கல்லட்டி பாதையில் 35-வது வளைவு அருகே, பள்ளத்தில், புதருக்குள்! ரோட்டில் போனவர்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. 5 பேர் பிணமாகக் கிடந்தார்கள். 2 பேருக்கு உயிர் இருந்தது. நண்பர்களின் உடல்களோடு நொறுங்கிய காருக்குள் 2 நாட்கள் கிடந்திருக்கிறார்கள். மேலே வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

இந்தக் கோரத்துக்குப் பிறகு மாவட்ட நிர்வாகம் அதிரடியாக இறங்கியது. நீலகிரி பதிவு எண் இல்லாத வெளியூர் வண்டிகள் ஊட்டியில் இருந்து கல்லட்டி வழியாக இறங்கத் தடை விதிக்கப்பட்டது. உள்ளூர் 'டி.என்.43' வண்டிகளுக்கு மட்டும் அனுமதி.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தடை போட்டது இறங்குவதற்கு. மசினகுடியில் இருந்து ஏறி வருவதற்கு அல்ல. அதே ரோடு, அதே 36 வளைவு, அதே பள்ளம். ஏறினால் பரவாயில்லை, இறங்கினால் கூடாது. ஏன்?

மூன்றும் இறக்கம்!

வேறு 2 விபத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

2023-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி. தென்காசி மாவட்டத்தில் இருந்து ஊட்டிக்குச் சுற்றுலா போனவர்கள் பஸ்சில் ஊர் திரும்பிக் கொண்டிருந்தார்கள். குன்னூர்-மேட்டுப்பாளையம் பாதையில் மரப்பாலம் அருகே பஸ் பள்ளத்தில் பாய்ந்தது. 9 பேர் பலி.

2024-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி. ஏற்காட்டில் இருந்து சேலம் நோக்கி வந்த தனியார் பஸ் 13-வது வளைவில் கவிழ்ந்தது. கீழே இருந்த ரோட்டிலேயே போய் விழுந்தது. உயிர்ப்பலி ஏற்பட்டது. 50 பேருக்கு மேல் காயம். 'சின்ன மலை' என்றார்களே, அதே ஏற்காடுதான்!

கல்லட்டி, மரப்பாலம், ஏற்காடு. மூன்று வண்டிகளும் இறங்கிக் கொண்டிருந்தவை. ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் மலையில் வண்டி ஓட்டியே வயிறு வளர்க்கும் டிரைவர்களைக் கேட்டால், ஏறுவதைப் பற்றி பேசவே மாட்டார்கள். ஏறும்போது தப்பு செய்தால் என்ஜின் அணையும், வண்டி நிற்கும். இறங்கும்போது தப்பு செய்தால் நிற்க வேண்டிய வண்டி நிற்காது.

அண்டா தண்ணீர் கொதிக்கும் சூடு

இறக்கத்தில் வண்டியைக் கீழே இழுப்பது பூமி. அதைப் பிடித்து நிறுத்துவது பிரேக். பிடிக்கப் பிடிக்க சூடு. கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். 5 பேர் ஏறிய கார் 1,200 மீட்டர் இறங்கும்போது அத்தனையையும் பிரேக்கிலேயே தாங்கினால், 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு உண்டாகும். ஒரு கல்யாண அண்டா! அவ்வளவு சூடும் 4 சக்கரத்துக்குள் இருக்கும் கையகல இரும்பிலும் லைனிங்கிலும் இறங்குகிறது. காற்றுபட்டு கொஞ்சம் ஆறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

முதலில் வருவது வாடை. ரப்பர் கருகுவது மாதிரி நாறும். 'முன்னாடி போற லாரியிலேருந்து வருது' என்று கண்ணாடியை ஏற்றி விடுவார்கள். அது லாரி இல்லை. சொந்த வண்டிதான்!

அடுத்து பிரேக் வழுக்க ஆரம்பிக்கும். எவ்வளவு அமுக்கினாலும் பிடிப்பு குறைவாக இருக்கும்.

மூன்றாவதுதான் எமன். பிரேக் ஆயிலே கொதித்து விடும். சாதாரணமாகப் புழங்கும் 'டாட் 3' ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு 140 டிகிரி தாங்கினால் போதும் என்றே விதி வைத்திருக்கிறார்கள். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்கினால் பிரேக் பிடிக்கும். ஆவியை அமுக்கினால் ஆவிதான் சுருங்கும். பெடல் 'தொப்' என்று தரையில் போய் உட்காரும். வண்டி பறக்கும்.

சென்னையில் இதெல்லாம் தெரியாது. இங்கே இருப்பதிலேயே பெரிய மலை கத்திப்பாரா மேம்பாலம்! அதனால் 10 வருஷம் கார் ஓட்டியவர்கூட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பியே ஓட்டுகிறார். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர் பாடு இன்னும் மோசம். கியர் என்ற ஒன்று இருப்பதே அவருக்கு மறந்து போயிருக்கும்.

ஏறின கியரில் இறங்கு

மலை டிரைவர்கள் கையில் இருக்கும் வைத்தியம் ஒன்றுதான். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. செகண்டு கியரில் ஏறிய இடத்தில் செகண்டு. முதல் கியரில் முக்கி முக்கி ஏறிய இடத்தில் முதல் கியர். என்ஜின் உறுமும். பெட்ரோல் போகிறதே என்று பயப்பட வேண்டாம். அந்த உறுமல்தான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் கை.

ஆட்டோமேட்டிக் காரிலும் வழி இருக்கிறது. 'எல்' என்றோ '2' என்றோ 'எஸ்' என்றோ போட்டிருக்கும். கியரைக் கையால் குறைக்கும் வசதியும் சில வண்டிகளில் உண்டு. எது என்று மலை உச்சியில் நின்றுகொண்டு தேடக் கூடாது. வீட்டு வாசலிலேயே தெரிந்து கொண்டு கிளம்ப வேண்டும்.

பிரேக்கைத் தொடவே கூடாது என்பது அல்ல. வளைவுக்கு முன்னால் நன்றாக அமுக்கி வேகத்தைக் குறைத்து, உடனே காலை எடுத்து விட வேண்டும். வழி முழுக்க லேசாகக் காலை வைத்துக் கொண்டே போவதுதான் பிரேக்கைக் கொல்வது.

நம்ம ஆட்கள் சிலர் செய்கிற இன்னொரு கூத்து, நியூட்ரல்! 'சும்மாவே உருளுதே, பெட்ரோல் மிச்சம்' என்று கியரை எடுத்து விடுகிறார்கள். சிலர் சாவியையே அணைத்து விடுகிறார்கள். இது வடிகட்டின முட்டாள்தனம். என்ஜின் அணைந்தால் பிரேக் கல்லாகும், ஸ்டியரிங் கனக்கும், சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் செய்யும். மிச்சம் என்பதும் பொய். இந்தக் காலத்து இன்ஜெக்சன் வண்டிகளில் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் இறங்கினால் என்ஜினுக்கு பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். உயிரையும் கொடுத்து பெட்ரோலையும் கொடுப்பானேன்?

கருகல் வாடை வந்துவிட்டால்? வளைவில் நிறுத்தாமல், அகலமான இடம் பார்த்து ஓரம் கட்ட வேண்டும். அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவது தப்பு. காய்ந்த இரும்பு கோணிப் போகும், விரிசல் விடும்.

பெடல் தரைக்கே போய்விட்டால்? விட்டு விட்டு வேகமாக மிதிக்க வேண்டும். சில சமயம் பிடிப்பு திரும்பும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் மலைச்சுவரில் உரச விட வேண்டும். கார் போனால் போகிறது. இன்சூரன்ஸ் இருக்கிறது. பள்ளத்தாக்குப் பக்கம் மட்டும் போகக் கூடாது.

மேலே வருபவனுக்கே முதல் வழி

சமவெளிக்காரர்களிடம் மலைக்காரர்களுக்கு இருக்கும் இன்னொரு மனத்தாங்கல், வழிவிடுவது. குறுகலான மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது மரியாதை விஷயம் மட்டும் அல்ல, சாலை விதியே அதுதான். ஏறுகிற பஸ்சை வளைவில் நிறுத்தினால் மறுபடி எடுப்பதற்குள் டிரைவருக்கு உயிர் போய்விடும். பின்னால் 2 அடி உருண்டாலும் ஆபத்து. இது தெரியாமல் காரை நடுவில் நிறுத்திக்கொண்டு ஆரன் அடிக்கிறார்கள். வளைவில் பஸ்சுக்கு முழு ரோடும் வேண்டும். அது திரும்பி முடிக்கிற வரை ஒரு நிமிஷம் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

வழிகாட்டுகிற செல்போனும் இதில் ஒரு கட்சி. அதற்கு கிலோ மீட்டர் தெரியும், இறக்கம் தெரியாது. 2024-ம் ஆண்டு ஜனவரியில் கூடலூரில் கர்நாடகத்தில் இருந்து வந்த ஒரு கார், கூகுள் மேப் காட்டிய வழியிலேயே போய் வீடுகளுக்கு நடுவே படிக்கட்டில் இறங்கி நின்றது! அக்கம்பக்கத்தினரும் போலீசாரும் சேர்ந்து கல்லை அடுக்கி மீட்டார்கள். அவர்களுக்கு வாய்த்தது படிக்கட்டு. எல்லோருக்கும் படிக்கட்டே வாய்க்கும் என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

எல்லா மலையிலும் நெருக்கடி நேரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். திங்கட்கிழமை ஆபீஸ். எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்குவார்கள். வெள்ளி ராத்திரி தூங்காமல் ஓட்டியவர், சனிக்கிழமை ராத்திரி கூத்தடித்தவர், கண் எரிச்சலோடு ஸ்டியரிங்கைப் பிடிப்பார். பனி இறங்கும். வளைவில் ஹெட்லைட் ரோட்டில் விழாமல் வெட்டவெளியில் போய் விழும். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே எல்லோரும் பிரேக்கில் கால் வைத்தபடி ஊர்வார்கள். கருகல் வாடை மலை முழுக்க அடிக்கும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டத்தைக் கட்டுப்படுத்த, சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024-ம் ஆண்டு மே 7-ந் தேதி முதல் இ-பாஸ் முறை வந்தது. பெயர், வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்டார்கள். பிரேக் ஆயிலை எப்போது மாற்றினாய் என்று எந்தப் பாசிலும் கேட்பதில்லை. அதை மெக்கானிக் கடையில்தான் கேட்க வேண்டும். 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு மணி நேர வேலை. கல்லட்டி பக்கம் போகிற எண்ணம் இருந்தால், தலைக்குந்தா சோதனைச்சாவடியில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு, வேண்டாம் என்றால் தகராறு செய்யாமல் கூடலூர் ரோட்டில் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான். அந்த வழியில் பைக்காரா இருக்கிறது. டீயும் கிடைக்கும்.